கணக்குக் கேள்வி நேரம்: மட்டுக் கோடுகளுக்குள் என்ன நடக்கிறது?

மட்டு மதிப்பு (ஓர் எண்ணின் இருபுறமும் | | என்று கோடு போட்டுக் குறிப்பது), அதன் வரைபடம் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மட்டு என்றால் மைனஸைத் தூக்கிவிட வேண்டும் என்றுதான் சின்ன வகுப்பிலிருந்து படித்தோம். இப்போது புத்தகத்தில், எக்ஸ் < 0 எனில் |எக்ஸ்| = −எக்ஸ் என்று புதிதாக ஒரு மைனஸ் முளைத்திருக்கிறது. மட்டு மதிப்பு எப்படி மைனஸில் வரும்?
— பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

பதில்: மைனஸில் வரவில்லை. −எக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே அது குறை எண்தான் என்று கண் முடிவுகட்டிவிடுகிறது, அவ்வளவுதான். எக்ஸ் இருக்கும் இடத்தில் −7 என்று போட்டுப் பாருங்கள். −எக்ஸ் என்பது −(−7), அதாவது 7. உள்ளே இருப்பது ஏற்கெனவே குறை எண் என்பதால், அதை மிகை எண்ணாக மாற்ற இன்னொரு மைனஸ் தேவைப்படுகிறது.

'மைனஸைத் தூக்கு' என்ற விதி வெறும் எண்களுக்குச் சரிப்பட்டு வரும். எழுத்து வந்துவிட்டால் காலை வாரிவிடும். |எக்ஸ் − 3| என்பதை |எக்ஸ் + 3| என்று மாற்றி எழுதுகிற பிழைக்குக் காரணமே இந்த விதிதான். எக்ஸ் = 1 என்று வைத்தால் முதலாவது 2, இரண்டாவது 4. இரண்டும் ஒன்றல்ல.

இதற்குப் பதிலாக மட்டை ஒரு தூரமாகப் பாருங்கள். |எக்ஸ்| என்பது எண்கோட்டில் எக்ஸுக்கும் 0வுக்கும் உள்ள தூரம். |எக்ஸ் − 3| என்பது எக்ஸுக்கும் 3க்கும் உள்ள தூரம். |எக்ஸ் + 3| என்பதை |எக்ஸ் − (−3)| என்று படியுங்கள். அது −3இலிருந்து உள்ள தூரம். தூரம் குறை எண்ணாக வராது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று: எக்ஸ்² இன் வர்க்கமூலம் எக்ஸ் அல்ல, |எக்ஸ்|. எக்ஸ் = −5 என்றால் வர்க்கம் 25, அதன் வர்க்கமூலம் 5. அந்த இடத்தில் மட்டுக் கோடு போட மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: ஒய் = |2எக்ஸ் − 3| என்ற சார்புக்கு அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்து, சேர்த்தேன். 'வி' வடிவம் வரவில்லை. அடிப்பக்கம் தட்டையாக, சட்டி மாதிரி வருகிறது. கணக்கிட்டதெல்லாம் சரிதான். எங்கே தவறு?
— பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

பதில்: உங்கள் அட்டவணை இப்படி இருந்திருக்கும்: எக்ஸ் 0, 1, 2, 3 என்றால் ஒய் 3, 1, 1, 3. ஒவ்வொரு எண்ணும் சரி. ஆனால் (1, 1), (2, 1) இரண்டையும் ஸ்கேலால் சேர்த்ததும் நடுவில் ஒரு படுக்கைக் கோடு வந்துவிட்டது. முனை இருக்கும் இடம் உங்கள் அட்டவணையிலேயே இல்லை. அது எக்ஸ் = 1.5 என்ற இடத்தில், முழு எண்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது.

அதனால் மட்டு வரைபடத்தை அட்டவணையில் தொடங்காதீர்கள். மட்டுக்குள் இருப்பது எப்போது 0 ஆகும் என்பதை முதலில் பாருங்கள். இங்கே 2எக்ஸ் − 3 = 0, எனவே எக்ஸ் = 1.5. முனை (1.5, 0). அங்கிருந்து வலப்பக்கம் சாய்வு +2, இடப்பக்கம் −2. பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால் போதும். (0, 3), (3, 3) இரண்டையும் முனையோடு சேர்த்தால் 'வி' வந்துவிடும்.

கொஞ்சம் பெரிய உதாரணம் ஒன்றையும் போட்டுப் பார்க்கலாம்: ஒய் = −2|எக்ஸ் − 1| + 6.

மட்டுக்குள் 0 ஆவது எக்ஸ் = 1 இல். அப்போது ஒய் = 6. எனவே முனை (1, 6). மட்டுக்கு முன்னால் இருக்கும் −2 இரண்டு செய்திகளைச் சொல்கிறது: மைனஸ் இருப்பதால் 'வி' தலைகீழாக நிற்கும், 2 இருப்பதால் ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டு கட்டம் இறங்க வேண்டும். முனையில் பென்சிலை வைத்து வலப்பக்கம் ஒன்று, கீழே இரண்டு: (2, 4). இன்னொரு முறை: (3, 2). இன்னொரு முறை: (4, 0). அதே போல இடப்பக்கம் (0, 4), (−1, 2), (−2, 0). எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களும் ஒய் அச்சை வெட்டும் இடமும் போகிற போக்கிலேயே கிடைத்துவிட்டன. சார்பகம், அதாவது எக்ஸ் எடுக்கக்கூடிய மதிப்புகள், எல்லா மெய்யெண்களும். வீச்சகம், அதாவது ஒய் எடுக்கும் மதிப்புகள், ஒய் ≤ 6.

விடைத்தாளில் அடிக்கடி தென்படும் பிழைகள் மூன்று. முனையைப் பரவளையம் போல வளைத்து வரைவது ஒன்று. மட்டு வரைபடத்தின் முனை கூர்மையாகத்தான் இருக்க வேண்டும், ஸ்கேல் இல்லாமல் வரையாதீர்கள். கோடுகளின் முனைகளில் அம்புக்குறி போடாமல் விடுவது இன்னொன்று. அப்படி விட்டால் சார்பு அங்கேயே முடிந்துவிட்டதாகப் பொருள். மூன்றாவதுதான் பெரியது: ஒய் = |3எக்ஸ் + 6| + 1 என்பதைப் பார்த்து 'ஆறு கட்டம் இடப்பக்கம் நகர்த்து' என்று எழுதுவது. 3ஐ வெளியே எடுத்தால் அது 3|எக்ஸ் + 2| + 1. முனை (−2, 1), நகர்வு இரண்டு கட்டம்தான். உள்ளே இருப்பதை 0 ஆக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. மைனஸ் 3 என்றால் ஏன் வலப்பக்கம் போகிறது, பிளஸ் 3 என்றால் ஏன் இடப்பக்கம் போகிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: |2எக்ஸ் − 1| = எக்ஸ் − 5. இரண்டு வழியாகப் பிரித்துச் செய்தேன். −4, 2 என இரு விடைகள் வந்தன. புத்தகத்தில் 'தீர்வு இல்லை' என்று அச்சாகியிருக்கிறது. அச்சுப் பிழையா?
— பெற்றோர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: அச்சு சரிதான். 2எக்ஸ் − 1 = எக்ஸ் − 5 என்று வைத்தால் −4 வரும்; 2எக்ஸ் − 1 = −(எக்ஸ் − 5) என்று வைத்தால் 2 வரும். இதுவரை நீங்கள் செய்ததில் குறையில்லை. ஆனால் இவற்றை மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். எக்ஸ் = −4 என்றால் இடப்பக்கம் 9, வலப்பக்கம் −9. எக்ஸ் = 2 என்றால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. இரண்டுமே ஒட்டவில்லை.

பிரித்து எழுதும்போது ஒரு நிபந்தனை விட்டுப்போகிறது. மட்டுக்குச் சமமாக இருப்பது 0 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும். இங்கே எக்ஸ் − 5 ≥ 0, அதாவது எக்ஸ் ≥ 5. கிடைத்த இரண்டும் 5க்குக் கீழே. இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்திச் செய்தாலும் இதே பொய்த் தீர்வுகள்தான் வரும். வர்க்கம் போட்டதும் 9, −9 வித்தியாசம் அழிந்துவிடுகிறது.

வரைந்து பார்த்தால் இன்னும் தெளிவு. 'வி'யின் முனை (0.5, 0). அந்த இடத்தில் எக்ஸ் − 5 என்ற நேர்கோடு −4.5இல், வெகு கீழே இருக்கிறது. 'வி'யின் வலக்கை சாய்வு 2இல் ஏறுகிறது. நேர்கோடு சாய்வு 1இல்தான் ஏறுகிறது. எட்டிப் பிடிக்கவே முடியாது. இடக்கை இடப்பக்கம் போகப் போக ஏறுகிறது, கோடோ அந்தப் பக்கம் இறங்குகிறது.

வலப்பக்கத்தை எக்ஸ் + 5 என்று மாற்றினால் இரண்டு தீர்வுகளும் தேறும்: 6, −4/3. முதலாவதற்கு இருபுறமும் 11. இரண்டாவதற்கு இருபுறமும் 11/3. சரிபார்க்கும் வரியை விடைத்தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: |எக்ஸ் − 3| > 5 என்பதற்கு 8 < எக்ஸ் < −2 என்று எழுதினேன்; முழுக்க அடித்துவிட்டார்கள். '<' வந்தபோது இதே முறைதானே சரியாக வந்தது?
— பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு

பதில்: எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்: எக்ஸ் 8ஐவிடப் பெரியது, அதே நேரத்தில் −2ஐவிடச் சிறியது. அப்படி ஓர் எண் கிடையாது.

|எக்ஸ் − 3| < 5 என்றால் 3இலிருந்து 5 அலகுக்குள் இருப்பவை. அது ஒரே துண்டு: −2 < எக்ஸ் < 8. |எக்ஸ் − 3| > 5 என்றால் 5 அலகுக்கு அப்பால் இருப்பவை. அது இரண்டு துண்டு: எக்ஸ் < −2 அல்லது எக்ஸ் > 8. இரண்டு துண்டை ஒரே தொடராக எழுத வழியில்லை. 'அல்லது' என்ற சொல் விடையில் கட்டாயம் வர வேண்டும்.

|எக்ஸ் + 4| < −2 என்பதற்குத் தீர்வு இல்லை. |எக்ஸ் + 4| > −2 என்பதற்கு எல்லா மெய்யெண்களும் தீர்வு. இந்த இரண்டுக்கும் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடத் தேவையில்லை.

நீங்கள் மெக்கானிக்கல் பிரிவு என்றால் பட்டறையில் இதைத் தினமும் பார்ப்பீர்கள். வரைபடத்தில் ஒரு ஷாஃப்டின் விட்டம் 25 ± 0.02 மி.மீ. என்று போட்டிருந்தால், அது |எக்ஸ் − 25| ≤ 0.02 என்பதுதான்; 24.98 முதல் 25.02 வரை பாஸ். சில வரைபடங்களில் மேலே +0.03, கீழே −0.01 என்று இருபக்கமும் வேறு வேறாக இருக்கும். அப்போது எல்லை 24.99 முதல் 25.03 வரை. இதையும் ஒரே மட்டில் அடக்கலாம்: நடுப்புள்ளி 25.01, அரை அகலம் 0.02. ஆகவே |எக்ஸ் − 25.01| ≤ 0.02. எந்த இடைவெளியையும் மட்டாக மாற்ற வேண்டுமானால் இரு எல்லைகளையும் கூட்டிப் பாதி, கழித்துப் பாதி என்று எடுத்தால் போதும்.

கேள்வி: ஒரு சார்பு முழுவதையும் மட்டுக்குள் வைப்பதற்கும், எக்ஸை மட்டும் மட்டுக்குள் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்குப் புரியவைக்க நல்ல உதாரணம் வேண்டும்.
— கணித ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: எக்ஸ்² − 4எக்ஸ் + 3 இதற்குத் தோதானது. முதலில் மட்டு இல்லாமல் வரையச் சொல்லுங்கள். எக்ஸ் அச்சை 1, 3 ஆகிய இடங்களில் வெட்டும். அடிமுனை (2, −1). ஒய் அச்சை 3இல் வெட்டும்.

முழுச் சார்புக்கும் மட்டு, அதாவது ஒய் = |எக்ஸ்² − 4எக்ஸ் + 3| என்றால், எக்ஸ் அச்சுக்குக் கீழே இருப்பதை மட்டும் மேலே மடிக்க வேண்டும். 1க்கும் 3க்கும் நடுவே தொங்கிய துண்டு (2, 1) வரை எழும்பும். மேலே இருந்த பகுதிகளைத் தொடவே கூடாது. எக்ஸ் அச்சைத் தொடும் 1, 3 இரண்டு இடத்திலும் கூர்முனை விழும்.

எக்ஸுக்கு மட்டும் மட்டு, அதாவது ஒய் = |எக்ஸ்|² − 4|எக்ஸ்| + 3 என்றால், கதையே வேறு. ஒய் அச்சுக்கு இடப்பக்கம் இருப்பதை முழுக்க அழித்துவிட்டு, வலப்பக்கத்தின் பிரதிபலிப்பை அங்கே வரைய வேண்டும். அடிமுனைகள் (2, −1), (−2, −1) என இரண்டாகும். எக்ஸ் அச்சை 1, 3, −1, −3 என நான்கு இடத்தில் வெட்டும். கூர்முனை (0, 3)இல் வரும். இந்த வரைபடம் எக்ஸ் அச்சுக்குக் கீழேயும் போகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'மட்டு வந்தாலே கீழே போகாது' என்று நினைத்துக்கொண்டு அதையும் மேலே மடித்துவிடுவார்கள்.

மடிப்பை நம்ப வைக்க டிரேசிங் தாள் நல்லது. மூல வரைபடத்தைப் படியெடுத்து, எக்ஸ் அச்சில் ஒரு முறை, ஒய் அச்சில் ஒரு முறை மடித்துக் காட்டினால் கரும்பலகையில் அரைமணி நேரம் பேசுவது மிச்சம்.

முதல் வரைபடத்தை வைத்தே அடுத்த கேள்விக்கும் போகலாம்: |எக்ஸ்² − 4எக்ஸ் + 3| என்பது ஒரு நிலையான எண்ணுக்குச் சமமானால் எத்தனை தீர்வுகள்? அந்த உயரத்தில் ஸ்கேலைப் படுக்கை வாட்டில் பிடித்து, வெட்டும் இடங்களை எண்ணினால் முடிந்தது. உயரம் குறை எண்ணானால் தீர்வு இல்லை. 0இல் இரண்டு. 0வுக்கும் 1க்கும் நடுவே நான்கு. சரியாக 1இல் மூன்று. 1க்கு மேல் மறுபடி இரண்டு. மூன்று என்று வருவதை மாணவர்கள் நம்ப மாட்டார்கள். 2, 2 + √2, 2 − √2 என்று மூன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 'மட்டு எங்கே 0 ஆகிறதோ அங்கே வகையிட முடியாது' என்று எழுதலாமா?
— பிளஸ் டூ மாணவர், கடலூர்

பதில்: எழுதாதீர்கள். ஓர் இடத்தில் வகையிடுவது என்றால் அங்கே வரைபடத்தின் சாய்வைக் காண்பது; அந்தச் சாய்வுதான் வகைக்கெழு. |எக்ஸ்| சார்புக்கு 0இல் அது உண்மை: இடப்பக்கச் சாய்வு −1, வலப்பக்கச் சாய்வு +1, இரண்டும் ஒத்துப்போகவில்லை. தொடர்ச்சி மட்டும் இருக்கிறது. ஆனால் |எக்ஸ்³| சார்பும் 0இல்தான் 0 ஆகிறது. அங்கே இருபக்கச் சாய்வும் 0, ஆகவே வகையிடலாம். உள்ளே இருக்கும் சார்பு வகையிடத்தக்கது என்றால், அது 0 ஆகும் இடத்தில் அதன் சாய்வு 0 அல்லாமல் இருந்தால்தான் கூர்முனை விழும். எக்ஸ்|எக்ஸ்| என்ற பெருக்கலையும் போட்டுப் பாருங்கள். அதன் வகைக்கெழு எல்லா இடத்திலும் 2|எக்ஸ்|, 0இல்கூட.

ஜியோஜீப்ரா செயலியில் |எக்ஸ்|, எக்ஸ்² இரண்டையும் வரைந்து ஆதியை நோக்கிப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எக்ஸ்² தட்டையாகிக் கோடுபோல் படுத்துவிடும். |எக்ஸ்| எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே 'வி'.

கேள்வி: நேரான ஒரு சாலையில் 1ஆவது, 4ஆவது, 9ஆவது கிலோமீட்டரில் மூன்று கிராமங்கள். மூவரும் நடந்துவரும் மொத்தத் தூரம் குறைவாக இருக்கும்படி பால் சேகரிப்பு நிலையம் எங்கே வைப்பது? சராசரி எடுத்து 4.67 என்றேன், தவறு என்கிறார்கள்.
— வாசகர், திருவண்ணாமலை

பதில்: சராசரி இங்கே உதவாது. நீங்கள் குறைக்க வேண்டியது |எக்ஸ் − 1| + |எக்ஸ் − 4| + |எக்ஸ் − 9|. எக்ஸ் = 4 என்றால் 3 + 0 + 5 = 8. உங்கள் 4.67இல் ஏறத்தாழ 8.67. எக்ஸ் = 1 என்றால் 11, எக்ஸ் = 9 என்றால் 13.

வரைபடம் ஏன் 4இல் அடிதொடுகிறது என்பதற்குச் சாய்வைப் பாருங்கள். 1க்கு இடப்பக்கம் மூன்று மட்டுகளும் இறங்குமுகம். மொத்தச் சாய்வு −3. 1ஐத் தாண்டியதும் ஒன்று ஏறுமுகமாக மாறும்; சாய்வு −1. 4ஐத் தாண்டினால் +1. 9ஐத் தாண்டினால் +3. இறக்கம் ஏற்றமாக மாறும் இடம் 4, அதாவது நடுவில் நிற்கும் எண், இடைநிலை அளவு. 9ஆவது கிலோமீட்டர் கிராமத்தை 90ஆவதுக்குத் தள்ளினாலும் விடை 4தான். சராசரியோ 31.67க்கு ஓடிவிடும்.

6ஆவது கிலோமீட்டரில் நான்காவது கிராமம் ஒன்று சேர்ந்தால், 4க்கும் 6க்கும் நடுவே சாய்வு 0. அந்தப் பகுதியில் எங்கே வைத்தாலும் மொத்தம் 10 கி.மீ. தட்டையான அடி இங்கே நிஜமாகவே உண்டு. விருதுநகர் மாணவர் குழம்ப வேண்டாம், அவருடையதில் மட்டு ஒன்றுதான்.

ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் ஒருவர்தான் வருகிறார் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 9ஆவது கிலோமீட்டரிலிருந்து மூன்று பேர், மற்ற இரண்டிலிருந்தும் ஒவ்வொருவர் என்றால் கடைசி மட்டை 3ஆல் பெருக்க வேண்டும். அப்போது 4இல் 18, 9இல் 13. நிலையம் 9க்கே போய்விடும்.

கேள்வி: அணிக்கோவைக்கும் இதே இரட்டைக் கோடு போடுகிறார்கள். அதன் விடை ஏன் மைனஸில் வருகிறது?
— பிளஸ் ஒன் மாணவர், காரைக்குடி

பதில்: அது வேறு குறியீடு, கோடுகள் மட்டும்தான் ஒன்று. எண்ணுக்கு இருபுறமும் கோடு போடும் வழக்கத்தை 1841இல் கொண்டுவந்தவர் ஜெர்மன் கணித அறிஞர் கார்ல் வயர்ஸ்ட்ராஸ். உள்ளே இருப்பது அணி (வரிசையும் நிரலுமாக அடுக்கிய எண்கள்) என்றால் கோடுகள் அணிக்கோவையை, அதாவது அந்த எண்களிலிருந்து கணக்கிடும் ஒரே எண்ணைக் குறிக்கும், அதன் மதிப்பு குறை எண்ணாகவும் இருக்கலாம். உள்ளே இருப்பது எண் என்றால் அது மட்டு. கலப்பெண்ணாக இருந்தாலும் தூரம்தான்: 3 + 4i என்ற கலப்பெண்ணின் (i என்பது −1இன் வர்க்கமூலம்) மட்டு, ஆதியிலிருந்து (3, 4) வரை உள்ள தூரமான 5. அணிக்கோவையின் மட்டு மதிப்பு கேட்கப்பட்டால், எடுத்துக்காட்டாக முக்கோணத்தின் பரப்பளவுக்கு, அணிக்கோவையை முதலில் விரித்து எண்ணாக்கிக்கொண்டு, அதற்கு வெளியே மட்டுக் கோடு போடுங்கள்.